கீழே தாங்க வேண்டும், மேலே பிடிக்க வேண்டும்: டூரிங் சைக்கிளில் முன்பை மாட்டும் விதம்

கடைக்குப் போய்விட்டு ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் ஒயர் கூடையை மாட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு முன்பாரத்தின் குணம் தெரியும். கூடையில் இரண்டு கிலோ தக்காளிதான் இருக்கும். ஆனாலும் சைக்கிள் அந்தப் பக்கமே இழுக்கும், வளைவில் கூடை ஊஞ்சலாடும், முழங்காலில் வந்து இடிக்கும். அதே இரண்டு கிலோவைப் பின் கேரியரில் கட்டிவிட்டால் இருப்பதே தெரியாது. பின்னால் வைத்த பாரத்தைச் சைக்கிள் சுமக்கிறது. முன்னால் வைத்த பாரத்தைச் சுமப்பதோடு, ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கிறது.

அப்படியிருந்தும் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் முன்பையை, அதாவது ஹேண்டில்பாருக்கு முன்னால் மாட்டும் பையை, விடுவதில்லை. கடலை மிட்டாய், பணம், போன், மழைக்கோட்டு, ஒரு துண்டு எல்லாம் கண்ணுக்கு முன்னால், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். இறங்காமலே எடுக்கலாம். பிரவே எனப்படும் நேரக்கெடு உள்ள நெடுந்தூர ஓட்டத்தில் 200 கி.மீ.யை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டியவருக்கு, பின்பையைத் திறக்க நிறுத்தும் ஐந்து ஐந்து நிமிடங்கள் சேர்ந்து ஒரு மணி நேரமாகிவிடும். டீக்கடையில் நிறுத்தினால் பையை மட்டும் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். வசதி இவ்வளவு இருப்பதால்தான் அதைச் சரியாக மாட்டுவது எப்படி என்று நான் மெனக்கெட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ள வைத்தது ஒரு பயம்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். முன்பை ஹேண்டில்பாரில் ஒரு பிளாஸ்டிக் மவுண்டில், அதாவது பையைப் பாரோடு சேர்க்கும் பிடிப்பில், மாட்டியிருந்தது. கிட்டத்தட்ட நாலு கிலோ இருக்கும். பூட்டும் சங்கிலியும் டூல்ஸும் அதில்தான் போட்டிருந்தேன். வளைவுகள் முடிந்து சற்று நேரான ஓர் இறக்கம் வந்தது. வேகம் 45 கி.மீ.யைத் தொட்டிருக்கும். ஜாக்கெட்டின் ஜிப்பை இழுக்க ஒரு கையை எடுத்தேன். உடனே முன்சக்கரம் இடமும் வலமுமாக உதறத் தொடங்கியது. முதலில் மெல்லிய நடுக்கம். இரண்டு விநாடிக்குள் சைக்கிள் மொத்தமும், நான் உட்கார்ந்திருந்த சீட் உட்பட, ஆடியது. கையை வைத்து இறுக்கிப் பிடித்தேன். ஆட்டம் கூடியதே தவிர குறையவில்லை. தற்செயலாக இரண்டு முழங்காலும் ஃபிரேமின் மேல் பாரை நெருக்கின. ஆட்டம் சட்டென்று அடங்கியது.

இறங்கிப் பார்த்தபோது மவுண்ட் ஹேண்டில்பாரைச் சுற்றிக் கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. பை தலை குனிந்து, அடிப்பக்கம் டயரைத் தொட ஒரு விரல் இடைவெளிதான் பாக்கி.

மேட்டுப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடையில் நிறுத்தினேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பையை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

"அண்ணே, இந்த மவுண்டை இன்னும் டைட் பண்ண முடியுமா? ரொம்ப ஆடுது."

"தம்பி, இது ஆடலைங்க. தொங்குதுங்க. பாரத்த மேல மட்டும் புடிச்சா தொங்கத்தான் செய்யும். கீழ தாங்கணும், மேல புடிக்கணும்." பக்கத்தில் நின்ற லேடீஸ் சைக்கிளைக் காட்டினார். அதன் முன்கூடையின் அடியிலிருந்து இரண்டு கம்பிகள் முன்சக்கரத்தின் அச்சு வரை இறங்கியிருந்தன. "இதுல பாருங்க. கூட மேல ஹேண்டில்ல சாஞ்சிருக்கு. கனம் பூராவும் இந்தக் கம்பி வழியா கீழ போயிடுது."

அவர் காட்டிய அந்தக் கம்பிகளில் இருப்பதும், பிரான்சின் தேர்ந்த சைக்கிள் கலைஞர்கள் கண்டுசேர்ந்த முறையும் ஒன்றுதான் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது.

முதலில், பாரம் எங்கே உட்காருகிறது என்பது ஏன் முக்கியம் என்று பார்க்கலாம். ஹேண்டில்பாரும், முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கும், சக்கரமும் ஒரு சாய்ந்த அச்சைச் சுற்றித் திரும்புகின்றன. அந்த அச்சிலிருந்து பை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு சோம்பலாக அது திரும்பும். திரும்பத் தொடங்கிவிட்டால் நிற்கவும் மறுக்கும். இந்த மந்தம் தூரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 3 கிலோ பையின் நடுப்பகுதி அச்சிலிருந்து 24 செ.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதையே 16 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் மந்தம் பாதிக்கும் கீழே போய்விடும். எடையில் ஒரு கிராம் கூடக் குறைக்கவில்லை, இடத்தைத்தான் மாற்றினோம். இன்னொரு நன்மையும் உண்டு. திரும்பும் அச்சு கீழே போகப் போக முன்னோக்கிச் சாய்கிறது. 73 டிகிரி சாய்வுள்ள சைக்கிளில் 10 செ.மீ. கீழிறங்கினால் அச்சு 3 செ.மீ. முன்னால் வந்துவிடும். ஆகவே பையை நேராகக் கீழே இறக்கினாலே அது அச்சுக்கு நெருங்கிவிடுகிறது.

அடுத்தது, மவுண்ட் ஏன் திரும்பியது என்பது. பையின் கனம் ஹேண்டில்பாரின் நடுவிலிருந்து 15 செ.மீ. முன்னால் தொங்குகிறது என்றால், ஒரு ஸ்பேனரை பாரில் மாட்டி அதன் நுனியில் 3 கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டதற்குச் சமம். பள்ளத்தில் விழும் ஒரு கணத்தில் அது 9 கிலோ போல இழுக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை பள்ளம், எத்தனை ஸ்பீடு பிரேக்கர். வழவழப்பான வட்டக் குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளாம்ப் ஒவ்வொரு அடிக்கும் மயிரிழை மயிரிழையாக நகர்கிறது. சரி, பழைய டியூபை வெட்டி நடுவில் சுற்றி இறுக்கினால் பிடித்துக்கொள்ளுமே என்று தோன்றும். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். வழுக்கல் நின்றது. ஆனால் தடித்த ரப்பர் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்ததால் பை தலையாட்டத் தொடங்கிவிட்டது. குளிர்பான கேனிலிருந்து வெட்டிய மெல்லிய அலுமினியப் பட்டை அதைவிட எவ்வளவோ மேல். ஹேண்டில்பார் விட்டம் 25.4 மி.மீ., 26 மி.மீ., 31.8 மி.மீ. என்று பல அளவுகளில் வருகிறது. அந்தச் சிறு வித்தியாசத்தை நிரப்ப அலுமினியம் போதும், நசுங்கவும் நசுங்காது. கேன் விளிம்பு கையைக் கிழிக்கும், வெட்டியதும் உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள்.

சில மவுண்ட்களில் மெல்லிய எஃகு ஒயர் ஒன்று வரும். அதை ஹேண்டில்பாரையும், பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மையும் சேர்த்துச் சுற்றி இழுத்து முடுக்க வேண்டும். ஸ்டெம் பாரைச் சுற்றிச் சுழலாது என்பதால் அந்த ஒயர் மவுண்டையும் சுழல விடாது. பலர் இந்த ஒயரைத் தேவையில்லாத உதிரி என்று நினைத்துப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். மவுண்டின் மொத்த நம்பிக்கையும் அதில்தான் இருக்கிறது.

இனி பிரான்ஸ் கதை. பாரிஸிலிருந்து மேற்குக் கரையின் பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டம் 1891இல் தொடங்கியது. தூரம் ஏறக்குறைய 1200 கி.மீ. இன்று நாலாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அதிகபட்சம் 90 மணி நேரம் தருவார்கள். இந்தியாவிலிருந்தும் பலர் போய்வருகிறார்கள். இரவு பகலாக, மழையிலும் குளிரிலும், பெரும்பாலும் தன் பொருளைத் தானே சுமந்து ஓட்டும் இந்த வகைப் பயணத்துக்கென்றே பிரெஞ்சுக்காரர்கள் தனியாக ஒரு சைக்கிளை வளர்த்தெடுத்தார்கள். 1930களிலும் 40களிலும் அங்கே சைக்கிள் செய்பவர்களுக்கு நடுவே தொழில்நுட்பப் போட்டிகள் நடந்தன. சைக்கிளைக் கரடுமுரடான சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி, எது உடைந்தது, எது தளர்ந்தது என்று பார்த்து மதிப்பெண் குறைப்பார்கள். பாரிஸை ஒட்டிய லெவல்வா-பெரே ஊரில் பட்டறை வைத்திருந்த ரெனே எர்ஸும் அலெக்ஸ் சிங்கரும் அந்தத் தலைமுறையின் பெரிய பெயர்கள். அவர்கள் கையில் மட்கார்டு, விளக்கு, கேரியர், பை எல்லாம் பிறகு வாங்கி ஒட்டும் சாமானாக இல்லாமல், ஃபிரேமை வரையும்போதே சேர்த்து வரையப்பட்டன.

அந்த முறையில் பை ஹேண்டில்பாரில் தொங்குவதே இல்லை. முன் மட்கார்டுக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே, உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய ஒரு குட்டி கேரியர் இருக்கும். அது ஃபோர்க்கின் தலையிலும், பிரேக் பொருத்தும் குமிழ்களிலோ ஃபோர்க் கால்களிலோ போல்ட் போட்டு நிற்கும். பையின் அடி அதில் உட்காரும். கேரியரின் பின்விளிம்பில் ஒரு வளைவுக்கம்பி நிமிர்ந்து நிற்கும். பையின் முதுகில் தைத்த துணிச்சட்டை அந்தக் கம்பியின் மேல் சாக்கு மாதிரி கவிழும். ஆக அடிப்பக்கம் முன்னாலும் போகாது, பக்கவாட்டிலும் நகராது. பையின் மேல்விளிம்பை மட்டும் ஸ்டெம்மோடு சேர்த்துப் பிடிக்க ஒரு சிறிய பிடிப்பு. அதற்கு டெகாலேர் என்று பெயர். தள்ளி வைத்தல் என்று பொருள் தரும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல். பையை ஹேண்டில்பாரிலிருந்து விரல் நுழையும் அளவு தள்ளி நிறுத்துவதால், பாரின் மேல்பகுதியைப் பிடித்து ஓட்டும்போது விரல் பையில் உரசாது.

டெகாலேருக்கும் ஒரு பலவீனம் உண்டு. பெரும்பாலானவற்றில் பையிலுள்ள இரண்டு ஊசிகள் மேலிருந்து இரண்டு குழாய்களுக்குள் இறங்கி நிற்கும். கழற்ற வேண்டுமென்றால் தூக்கினால் போதும். அந்த வசதியே மோசமான சாலையில் ஆபத்து. பெரிய பள்ளத்தில் பை துள்ளி, ஊசிகள் குழாயை விட்டு வெளியே வந்துவிடலாம். ஆகையால் அடியில் ஒரு வார்ப்பட்டை போட்டுப் பையைக் கேரியரோடு கட்டிவிடுங்கள். நம்மூர்ச் சாலைகளுக்கு இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். டெகாலேர் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. அடியில் உறுதியான கேரியர் இருந்தால், மேலே இரண்டு தோல்வார்களைப் பாரில் இறுக்கிக் கட்டினாலே முக்கால்வாசி பலன் வந்துவிடும். கேரியர் இல்லாமல் டெகாலேரை மட்டும் வாங்குவதில் பயனில்லை.

அமெரிக்காவில் இது வேறு வழியில் போனது. 1976இல், நாடு விடுதலை பெற்ற இருநூறாவது ஆண்டையொட்டி, ஒரேகனிலிருந்து வர்ஜீனியா வரை நாட்டைக் குறுக்கே கடக்கும் பைக்சென்டெனியல் பயணத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கலந்துகொண்டார்கள். அந்தக் காலத்துப் பைகள் ஹேண்டில்பாரில் கம்பிச் சட்டம் ஒன்றில் தொங்கும். பையின் அடிமூலைகளிலிருந்து இரண்டு எலாஸ்டிக் கயிறுகள் கீழே முன்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் போய் மாட்டும். கீழே தாங்கவில்லை, கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. பை துள்ளுவது நிற்கும், ஆனால் கனம் முழுவதும் பாரில்தான். இன்றைக்கும் மலிவான பையை அடக்க இது நல்ல உபாயம். இரண்டு கயிறும் ஒரே இழுவிசையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும். கொக்கி கழன்றால் நேரே ஸ்போக்கில் போய்ச் சிக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதனால் கொக்கியைக் கயிறு போட்டு முடிந்துவிடுவது நல்லது.

பிறகு ஜெர்மானியர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் கழன்று வரும் மவுண்டுகளைக் கொண்டுவந்தார்கள். இன்று பரவலாகப் பயன்படுகிற வகை இது. வசதியில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. 2 கிலோவுக்குள் வைத்தால் என்னிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்டையில் 5 கிலோ, 7 கிலோ என்று எழுதியிருப்பது மவுண்ட் உடையாமல் தாங்கும் கனம். உங்கள் சைக்கிள் ஒழுங்காக ஓடும் கனம் எவ்வளவு என்பது அட்டையில் இருக்காது. அது ஃபிரேமைப் பொறுத்தது.

அந்த ஃபிரேம் விஷயத்துக்கு வருவோம். திரும்பும் அச்சை ஒரு கோடாக நினைத்துத் தரை வரை நீட்டுங்கள். டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது போய் முட்டும். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு டிரெயில் என்று பெயர். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரம், தள்ளும் திசைக்குத் தானே திரும்பிப் பின்தொடர்வது இதனால்தான். டிரெயில் அதிகமானால் வேகத்தில் சைக்கிள் நேராக ஓட விரும்பும். ஆனால் மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து விழப் பார்க்கும். முன்னால் கனம் வைத்தால் அந்த விழுதலைக் கனமும் சேர்ந்து தள்ளும். ஏற்றத்தில் சைக்கிள் பாம்பு மாதிரி நெளிந்து போவதை முன்பை வைத்த எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இதை எண்ணாகப் பார்த்தால் தெளிவாக இருக்கும். அச்சின் சாய்வு 73 டிகிரி, சக்கரத்தின் ஆரம் 340 மி.மீ., ஃபோர்க்கின் முன்வளைவு 45 மி.மீ. என்றால் டிரெயில் 57 மி.மீ. வரும். இன்றைய பெரும்பாலான ரோடு சைக்கிள்கள் இந்த அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு ஃபோர்க்கின் வளைவை மட்டும் 65 மி.மீ. ஆக்கினால் டிரெயில் 36 மி.மீ.க்கு இறங்கிவிடும். பழைய பிரெஞ்சு சைக்கிள்கள் இந்தக் குறைந்த டிரெயிலில் கட்டப்பட்டவை. முன்பை இருக்கப்போகிறது என்று தெரிந்தே ஃபோர்க்கை அப்படி வளைத்தார்கள். இந்தப் பழைய ஞானம் நடுவில் மறந்துபோயிருந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் வசிக்கும் யான் ஹைனே 2002இல் தொடங்கிய பத்திரிகை வழியாக அதை அளந்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி பேச வைத்தார்.

இருக்கும் ஃபிரேமை யாரும் முன்பைக்கு ஏற்றபடி மாற்றப்போவதில்லை. அதனால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: உங்கள் சைக்கிளின் டிரெயில் 55 மி.மீ.க்கு மேல் என்றால் முன்பையை இரண்டு கிலோவோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் முன்னால் கனம் வேண்டும் என்றால் ஃபோர்க்கின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் பைகளில் போடலாம். அவை திரும்பும் அச்சுக்கு மிக அருகில் இருப்பதால் தொந்தரவு குறைவு.

அப்புறம் அந்த உதறல். பை ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்வது சரியாக இருக்காது. ஃபிரேம் சற்று முறுக்கிக்கொடுக்கிறது, முன்சக்கரம் பக்கவாட்டில் ஆடுகிறது, இரண்டும் ஒன்றையொன்று ஊஞ்சல் தள்ளுவது போலத் தள்ளிக்கொள்கின்றன. பின் கேரியரில் கனம் ஆடினால் அது சேர்ந்துகொள்ளும், ஃபோர்க் திரும்பும் இடத்து பேரிங்கான ஹெட்செட் லூஸாக இருந்தால் அதுவும். ஆனால் தளர்வாகத் தொங்கும் முன்பை அந்த ஆட்டத்துக்குக் கொடுக்கும் உதவி பெரியது. வந்துவிட்டால், முதலில் மேல் பாரை முழங்காலால் நெருக்குங்கள். சீட்டிலிருந்து உடம்பின் கனத்தைக் கொஞ்சம் எடுங்கள். பிறகு மெதுவாகப் பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். கையை இறுக்குவது பலன் தராது, பல சமயம் மோசமாக்கும். ஹெட்செட்டில் குண்டு பேரிங்குக்குப் பதிலாக ஊசி ரோலர் பேரிங் போட்டால் அதன் உராய்வு ஆட்டத்தைத் தின்றுவிடுகிறது என்பது ராண்டொன்யூர்கள் எனப்படும் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பழைய வைத்தியம்.

மாட்டுவதற்கு முன் ஓர் அளவு எடுங்கள். ஹேண்டில்பாரின் அடியிலிருந்து டயரின் உச்சி வரை, அல்லது மட்கார்டு வரை எவ்வளவு? உயரம் குறைந்தவர்களின் சிறிய ஃபிரேமில் இந்த இடம்தான் கிடைக்காது. 700சி சக்கரத்தின் ரிம் விட்டம் 622 மி.மீ., 650பி சக்கரத்துக்கு 584. அதாவது ஆரத்தில் 19 மி.மீ. மிச்சம். சிறிய ஃபிரேமுக்கு 650பி பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். உயரமான பையை வாங்கி டயரில் உரசவிடுவதைவிட, அகலமாகவும் குள்ளமாகவும் உள்ள பை நல்லது.

பிரேக், கியர் கேபிள்களைப் பை அழுத்துகிறதா என்று இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிள் மடங்கினால் கியர் சரியாக விழாது. விறைப்பான கேபிள் பையில் முட்டி ஸ்டீரிங்கை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அது பையின் குற்றம் என்றே தோன்றாது. விளக்கை மறந்துவிடாதீர்கள். ஹேண்டில்பாரில் இருந்த விளக்கு இப்போது பையின் மூடியைத்தான் வெளிச்சமாக்கும். கேரியரின் முன்முனையிலோ ஃபோர்க்கின் தலையிலோ அதை இறக்கிவிடுங்கள். தாழ்ந்த விளக்கில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுவதால் இரவில் அவை முன்கூட்டியே தெரியும்.

பைக்குள் அடுக்குவதிலும் அதே கணக்கு. கனமானது அடியில், உங்கள் பக்கத்துச் சுவரை ஒட்டி. லேசானது முன்னால். உள்ளே பொருள்கள் உருண்டால் வெளியே எவ்வளவு இறுக்கினாலும் வீண். மீதி இடத்தில் துண்டையோ மழைக்கோட்டையோ திணித்துவிடுங்கள். பூட்டும் டூல்ஸும் இப்போது என் சைக்கிளில் சீட்டுக்கு அடியில் இருக்கின்றன. பையின் மூடி உங்களை நோக்கித் திறக்கிறதா, எதிர்ப்பக்கம் திறக்கிறதா என்பதை வாங்கும்போதே பாருங்கள். எதிர்ப்பக்கம் திறந்தால் ஓட்டிக்கொண்டே கை நேராக உள்ளே போகும்.

எல்லாம் மாட்டிய பிறகு முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பையை மட்டும் உலுக்கிப் பாருங்கள். பையும் ஹேண்டில்பாரும் ஒரே துண்டாக அசைய வேண்டும். பை தனியாக ஒரு விரல் அளவு போய் வந்தாலும் மறுபடி கட்டுங்கள். அடுத்து முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போடுங்கள். டயர் விழும் சத்தம் மட்டும் கேட்க வேண்டும். அதற்குப் பின்னால் இன்னொரு 'டொக்' வந்தால் எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது.

நான் கடைசியில் ஒரு சின்ன முன்கேரியரை வாங்கி ஃபோர்க்கில் பொருத்தி, அதே பழைய பையை அதில் உட்காரவைத்து, மேலே இரண்டு தோல்வாரால் கட்டினேன். கனம் இரண்டரைக் கிலோ. முதல் நாள் 50 கி.மீ. ஓட்டியதும் நிறுத்தி ஆலன் கீயால் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்தேன். புதிதாகப் பொருத்தியவை எல்லாம் ஓடி அமரும்போது கொஞ்சம் தளரும். ஃபோர்க் தலையிலிருந்த போல்ட் கால் சுற்று ஏறியது. அடுத்த முறை அதே இறக்கத்தில் 45 தொட்டபோது ஒரு கையை எடுத்து ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன். சக்கரம் நேராக ஓடியது.